மன உளைச்சலுக்கு முப்பத்தொரு வார்த்தை

டிஸ்ட்ரெஸ் விவாகரத்து மனுவின் நாலாவது பாராவிலேயே வந்துவிட்டது. மறுபடியும் போட்டால் வக்கீல் கிருபாகரன் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தை இரண்டு தரம் வந்தால் ஜட்ஜுக்குக் கொட்டாவி வரும் என்பது முப்பது வருஷத் தொழிலில் அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஒரே சட்ட நுணுக்கம். குமாஸ்தா தேவநாதன் கீபோர்டின் மேல் விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். ஆங்குயிஷ் இரண்டாம் பாராவில் போய்விட்டது. டார்மென்ட் ஐந்தில். அகனி எங்கும் இருக்கும், சாம்பாரில் உப்பு மாதிரி, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மிசரி? அது கொஞ்சம் ஏழைத்தனமான வார்த்தை, ஜீவனாம்ச மனுவுக்குத்தான் எடுபடும். டர்மாயில் இருக்கிறது, அதைப் படித்தவர்கள் வழக்குக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஐடி கம்பெனிப் பெண்ணுக்கு டர்மாயில் வரலாம், பால் சொசைட்டியில் பால் அளக்கிற அஞ்சலாட்சிக்கு டர்மாயில் வருமா? வரட்டும், என்ன கெட்டுப்போகிறது, அவளா படிக்கப்போகிறாள். அடித்தார். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது வயிற்றில் என்னவோ புரண்டது. காலையில் சாப்பிட்ட இட்லி என்று முதலில் நினைத்தார். மேஜை டிராயரின் உள்பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது அந்தப் பட்டியல், முப்பத்தொரு வார்த்தை, எல்லாம் ஒரே துன்பத்துக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் பண்ணின கையோடு வாங்கிய தெசாரஸிலிருந்து பத்து, மற்ற வக்கீல்களின் மனுக்களிலிருந்து திருடியது பதினைந்து, மீதி பெரும்பாலும் ஹைகோர்ட் தீர்ப்புகளிலிருந்து. மற்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள் போன் பண்ணி, அண்ணே, ட்ரிபுலேஷன் போட்டாச்சு, அடுத்து ஒண்ணு சொல்லுங்க என்று கேட்பார்கள். இவரும் பெரிய கொடைவள்ளல் மாதிரி, அஃப்ளிக்‌ஷன் போடுடா என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த முப்பத்தொன்றும் எத்தனை பெண்கள் பேரில் ஏறி இறங்கியிருக்கும். பிறத்தியார் சப்பித் துப்பிய மாங்கொட்டையைக் கழுவாமல் எடுத்து அடுத்தவள் வாயில் வைப்பது போலத்தான் இது என்று இன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு ஏன் தோன்றுகிறது என்பதையும் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அஞ்சலாட்சி எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முப்பத்தைந்து வயசு இருக்கும், மடியில் துணிப்பை, அதன்மேல் இரண்டு கையும். கோர்ட்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் மாடி அறை இது. ஜன்னலைத் திறந்தால் சுவரோரம் ஆண்கள் ஒதுங்குகிற நாற்றம் வரும், மூடினால் பழைய கேஸ் கட்டுகளின் பூசணம் வரும், எப்படி வைத்தாலும் வக்கீல் நேற்று தின்று மிச்சம் வைத்த எலுமிச்சஞ்சாதப் பொட்டலம் குப்பைக்கூடையிலிருந்து தன் பங்கைக் கொடுக்கும். தேவநாதனுக்கு எல்லாம் பழகிப்போன மூக்கு. அவள் மூக்கு அப்படியில்லை. பால் ஊற்ற வருகிறவன் கேனைத் திறக்கும்போதே இது நேத்துப் பால் என்று சொல்லிவிடுகிற மூக்கு, அவளே நேற்றுச் சொன்னாள். வந்ததிலிருந்து முந்தானை நுனி மூக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் மூடிக்கொள்ளவில்லை, மரியாதைக்காக. இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் நேற்று மத்தியானம் வக்கீலிடம் சொன்னாள். கிருபாகரன் வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டார். அடிச்சானா? இல்லைங்க. குடிக்கிறானா? எப்பவாச்சும். வேற பொம்பளை? அதெல்லாம் இல்லைங்க. வரதட்சிணை? இல்லை. அப்புறம் உனக்கு என்னம்மா பிரச்சினை? அவள் தலையைத் தூக்கி, குமாஸ்தா ஒருத்தன் பக்கத்தில் இருக்கிறான் என்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னாள். "எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவுல நடக்குறதை மறுநாள் டீக்கடையில போய்ச் சொல்லிச் சிரிக்கிறாரு சார். நான் எப்படி இருந்தேன், என்ன சொன்னேன், எல்லாத்தையும். டீக்கடைக்காரரு எங்க சொசைட்டிக்குப் பால் வாங்க வருவாரு. பாலை அளந்து ஊத்தும்போது என்னைப் பாப்பாரு. அந்தப் பார்வையிலேயே அன்னிக்கு என் வீட்டுக்காரரு என்ன சொல்லியிருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் என் வீட்டுக்காரரு கையால தொட்ட தண்ணியைக்கூட என்னால குடிக்க முடியலை. குமட்டுது. எனக்கு துக்கமெல்லாம் இல்லை சார். அருவருப்பா இருக்கு." வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் நிரூபிக்க முடியாதும்மா. மென்டல் அகனின்னு போட்டுக்கலாம். தேவநாதா, நம்ம வழக்கமான டிராஃப்ட்டையே எடு."

நம்ம வழக்கமான டிராஃப்ட். பெயரையும் ஊரையும் தேதியையும், நாலைந்து வார்த்தையையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், கல்யாண மண்டபம் மாதிரி, வாசலில் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும். மௌஸைக் கீழே உருட்டினார். ஆறு, ஏழு, எட்டு. எட்டோடு விரல் நின்றது. காலையிலிருந்து மூன்று தரம் இந்த இடத்துக்கு வந்து திரும்பிவிட்டார். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும், ஒப்பித்தும் காட்டுவார், அவர் எழுதியதுதானே. ஒன்பதாவது பாரா, பன்னிரண்டு வரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பூங்காவனம் என்று ஒருத்தி வந்தாள், தொண்டை கரகரவென்று இருக்கும், பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்து வந்த தொண்டை. அவள் அழுதுகொண்டே சொன்னதை இவர் உட்கார்ந்து இழைத்தார். சொல்லொணா ஆங்குயிஷும் ஹாரோயிங் ட்ரிபுலேஷனும் தாங்காமல் மேற்படி மனுதாரர் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார் என்று முடியும். முடித்துவிட்டு இரண்டு தரம் தனக்குத்தானே படித்துப் பார்த்தார், அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்திருக்கும், இப்போது நினைத்தால் அந்த முகத்தில் அறையலாம் போலிருக்கிறது. வக்கீலும் முதுகில் தட்டினார். விவாகரத்து கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பன்னிரண்டு வரியைத்தான் எடுத்துக் கோர்ட்டில் சத்தமாக வாசித்தார், நிறுத்தி நிறுத்தி, ரசித்து. நாலு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுச் சாகத் துணிந்தவள் கையில் பிள்ளையை எப்படிக் கொடுப்பது யுவர் ஆனர்? பையன் அப்பனோடு போனான். பூங்காவனம் வராந்தாவில் இவரைப் பார்த்து, அழகா எழுதினீங்க சார் என்றாள். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பாரா டிராஃப்ட்டை விட்டுப் போகவில்லை. விவாகரத்து கிடைச்சுதா இல்லையா, பிள்ளை வேற மனு, அதை அப்புறம் பாப்போம் என்பார் கிருபாகரன். மருந்து குடித்தவள், குடிக்காதவள், எறும்பைக்கூட மிதிக்காதவள், எல்லார் மனுவிலும் பூங்காவனத்தின் மருந்து வாடை. அஞ்சலாட்சிக்கு ஏழு வயசில் பெண் இருக்கிறது, தர்ஷினி. பிள்ளை என்கிட்டதானே சார் இருக்கும் என்று நேற்று நாலு தரம் கேட்டாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஜீவனாம்சம்கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

எடுத்துவிடலாம். டெலீட் பட்டன் ஒன்றும் மலை மேல் இல்லை. ஆனால் கிருபாகரன் பாராக்களை எண்ணுவார், பதினாலு இருக்க வேண்டும், ஒன்பது இல்லாவிட்டால் மனுவுக்கு முதுகெலும்பே இல்லை என்பார். அதோடு ஒரு மணிக்குள் ஃபைல் பண்ணியாக வேண்டும், அடுத்த வாரம் முழுக்கக் கோர்ட் லீவு. எதிர்த்தரப்பு எல்லோருமா படித்துப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் முதல் பக்கத்தோடு சரி, ராஜவேலு ஏற்பாடு செய்கிற வக்கீல் சோம்பேறியாக இருக்கக்கூடாதா. ராஜவேலு, அவள் புருஷன். அவன் பெயரை நினைத்ததும் அந்த இட்லி மறுபடியும் மேலே வந்தது. இட்லி இல்லை என்று அவருக்கு இப்போது தெரிந்துதான் இருந்தது. காலையில், ஒன்பதரை மணிக்கு, கோர்ட் வாசல் டீக்கடையில், பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா சம்பந்தத்திடம் இவர்தான் சொன்னார். நேத்து ஒரு கேஸ் வந்துது பாரு, என்று ஆரம்பித்தார். எத்தனையோ கேஸ் சொல்லியிருக்கிறார், டீயோடு ஒரு கேஸ் என்பது அவர்களுக்குள் வழக்கம், பிஸ்கட் மாதிரி. பெயரைச் சொல்லமாட்டார், அதில் ஒரு கௌரவம். ஆனால் பால் சொசைட்டி என்று சொன்னார். அவள் சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார், ராஜவேலு என்ன சொல்லியிருப்பான் என்று தானே நடித்துக் காட்டினார், சம்பந்தம் டீ புரையேறச் சிரித்தான், டீ ஆற்றுகிறவனும் சிரித்தான், இவரும் சிரித்தார். ராஜவேலு டீக்கடையில் சொல்லிச் சிரித்தான் என்பதை டீக்கடையில் நின்று சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. படியேறி வந்து, அவள் எழுந்து நின்று கும்பிட்டபோதுதான் உறைத்தது. அவள் கும்பிட்ட கை அப்படியே அவர் தொண்டைக்குள் நுழைந்து எதையோ கிளறின மாதிரி இருந்தது.

தன் கதையும் டீக்கடைக்குப் போனது கோமளத்துக்குத் தெரியுமோ. அவர் மனைவி. வீட்டைப் பற்றி அவர் வெளியில் பேசுவதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார், ஆனால் யோசித்தால், அவள் அண்ணன் செத்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாளே, அதை மறுநாள் சம்பந்தத்திடம் சொல்லவில்லையா? சொன்னார். மீன் மாதிரி இருந்துது என்றுகூடச் சொன்னார். அதைவிடக் கேவலம், அன்று அடுப்படி வாசலில் நின்றபோது அவர் மனசில் ஓடியது ஒரு வார்த்தை, டிஸ்ட்ராட். அதுவரை பட்டியலில் இல்லாதது. அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை, தோளைத் தொடவில்லை, டிராயரில் சேர்க்க ஒரு வார்த்தை கிடைத்த குஷியில் நின்றார். முப்பதாவது. சே. என்ன பிறவி. வாயில் எச்சில் ஊறியது, துப்ப வேண்டும் போலிருந்தது, ஜன்னலுக்குப் போனால் அந்த நாற்றம், கூடைக்குப் போனால் எலுமிச்சஞ்சாதம், விழுங்கினார். விழுங்கியது கசந்தது. அவர் கண்ணுக்குத் தன் விரல்களே பிடிக்கவில்லை, பத்தும் கீபோர்டின் மேல் புழு மாதிரி வரிசையாக நெளிந்துகொண்டு கிடந்தன.

அந்த நேரம் பார்த்தா சம்பந்தம் வர வேண்டும். ஸ்டேப்ளர் வேண்டுமாம். அவன் ஆபீஸில் இரண்டு இருக்கிறது, இவருக்குத் தெரியும். கதவில் கைவைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், அவளை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்துவிட்டு இவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். இதானா? வாயால் கேட்கவில்லை. தேவநாதன் ஸ்டேப்ளரை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கிட்டுப் போ," என்றார், குரல் தேவைக்கு மேலே கடுமையாக வந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனான். அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். மூக்கருகில் இருந்த முந்தானை நுனியை இப்போது மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டாள். தேவநாதன் அவசரமாக பிரிண்ட் கொடுத்தார். ஒன்பதாவது பாராவோடு, பதினாலு பாராவும், எடுக்கலாம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை எடுக்காமலே. தாள்கள் சூடாக வந்து விழுந்தன. அடுக்கித் தட்டி அவள் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தார். "ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ ஒரு கையெழுத்தும்மா. கடைசிப் பக்கத்துல ரெண்டு."

அவள் பேனாவைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "இது என்ன சார், உங்க பேரு போட்டிருக்கு? இங்கிலீஷுல இருந்தாலும் பேரு தெரியுது." அது ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். மேற்கண்டவை யாவும் மனுதாரருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டு, அவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார், படித்துக் காட்டியவர் தேவநாதன். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒரு தரம்கூடப் படித்துக் காட்டியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை, எந்த ஆபீஸிலும் வழக்கமில்லை. அர்த்தத்தைச் சொன்னார். "அப்ப படிச்சுக் காட்டுங்க," என்றாள். நேரம் பன்னிரண்டே கால். எனக்கு மூணு மணிக்குச் சாயங்காலப் பால் வரும், அதுவரைக்கும் நேரமிருக்கு, என்றும் சொன்னாள். படித்தார். ஒன்று, கல்யாணத் தேதி, ஊர், சரி. இரண்டு, எதிர்மனுதாரரின் நடத்தையால் மனுதாரர் மன உளைச்சலுக்கு ஆளானார். மூன்று சரி. நாலு, சொல்லமுடியாத மன உளைச்சல். ஐந்துக்கு வந்தபோது டார்மென்ட்டுக்குத் தமிழில் என்ன என்று நாக்கு தடுமாறியது, சித்திரவதை என்று சொல்ல நினைத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகி, மன உளைச்சல் என்றார். ஆறிலும் அதுதான். டர்மாயிலும் அதுதான். டிராயருக்குள் ராஜா மாதிரி வரிசையில் நிற்கிற அத்தனையும் வாய்க்கு வந்ததும் ஒரே பழைய சோறாகக் குழைந்துபோயின. எட்டு முடிவதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "எத்தனை உளைச்சல் சார் எனக்கு? நான் ஒண்ணுகூடச் சொல்லலையே."

ஒன்பது. தாண்டிவிடலாம். ஒன்பதிலும் மன உளைச்சல்தான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் பத்துக்குப் போய்விடலாம், வாய் அதற்குத் தயாராகக்கூடத் திறந்தது. அவள் விரல் ஒன்பதின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் புரியாவிட்டாலும் எண் தெரிகிறது, நீளம் தெரிகிறது, அளக்கிறவள். படித்தார். ஒரு வார்த்தை விடாமல். மருந்து குடித்ததை, உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்ததை.

"யாரு?" என்றாள்.

"நீங்கதான்னு போட்டிருக்கு."

"நான் எதுக்கு சாவணும்? எனக்குப் பொண்ணு இருக்கு."

சொல்லிவிட்டார். பூங்காவனத்தை, பையன் போனதை, இது அந்தப் பூங்காவனம் சொன்னது, இவர் எழுதினது, அதற்குப் பிறகு எத்தனையோ மனுவில் போனது, எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொண்டால் தர்ஷினியைக் கேட்கும் என்பது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல வியர்த்தது. நடுவில் போன் அடித்தது, கிருபாகரன். "கையெழுத்து ஆச்சா?" "இல்லை சார். படிச்சுக் காட்டினேன்." "யோவ், உன்னை யாரு படிக்கச் சொன்னா?" "கீழ அப்படித்தானே சார் போட்டிருக்கு." "ஒன்பதை எடுத்துட்டா மனுவுல என்னய்யா இருக்கும்?" இதோ வர்றேன் என்று போன் வைக்கப்பட்டது. அவர் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகும், வந்தால் கத்துவார், கத்தினால் இவள் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று பார்த்தார். பயந்தவள் மாதிரி இல்லை. ஒன்பதாவது பாரா இருந்த பக்கத்தை மட்டும் உருவி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தமிழ்ல எழுதிக் கொடுத்தா கோர்ட்டுல வாங்க மாட்டாங்களா சார்?"

"வாங்குவாங்க."

"அப்ப எதுக்கு இங்கிலீஷு?"

வக்கீலைக் கேக்கணும் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தார். இங்கிலீஷில் இருந்தால் நாம் எழுதியது யாருடைய துன்பம் என்று நமக்கே தெரியாது, அதற்குத்தான். அதை எப்படிச் சொல்வது. "நீங்க நேத்து சொன்னதை அப்படியே எழுத எனக்கு வார்த்தை வரலைம்மா," என்றார். பாதி உண்மை. அவள் அவரையே பார்த்தாள். கதவைப் பார்த்தாள், சம்பந்தம் நின்ற இடத்தை. திரும்ப அவரைப் பார்த்தாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஸ்டேப்ளர் வாங்க வந்தாரே, அவருகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்பது ரொம்பச் சின்ன வார்த்தை. வாயில் வந்து நின்றது. பாலைத் திறக்கும்போதே தெரிந்துவிடுகிற மூக்கு எதிரே இருந்தது.

"சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்." பிறகு, கேட்காமலே, "நானும்," என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கால் வைத்த இடத்தில் என்னவோ கிடப்பதைப் பார்க்கிறவள் மாதிரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள், அவ்வளவுதான். மேஜையில் மீதியிருந்த பக்கங்களை அவர் பக்கம் நகர்த்திவிட்டாள். "அவருகிட்ட சொல்றப்ப வார்த்தை வந்துச்சுல்ல சார். அதே வார்த்தையில எழுதுங்க. ஒண்ணும் மாத்த வேணாம். எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்."

கீழே படியில் கிருபாகரனின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று தேவநாதன் காதைக் கொடுத்தார். கேட்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, மேலே மனுதாரர் என்று எழுதினார். காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தத்திடம் அவளைப் பற்றி முதலில் சொன்ன வார்த்தை எது என்று யோசித்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, உடனே வந்தது. அதை எழுதக் கை கூசியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினார்.